காற்று தீர்ந்த வேளை

தண்ணீருக்குள் தான் பிடித்து இழுப்பது தோழியின் கை என்றுதான் அவள் நினைத்தாள்.

மேலே தூறல். கடல்மேல் விழுந்த ஒவ்வொரு துளியும், கீழிருந்து பார்க்க, வெள்ளி ஊசி குத்தியதுபோல மின்னி மறைந்தது. முகமூடிக் கண்ணாடியில் வேறு ஆவி படிந்திருந்தது. பவளத்திட்டைக் கிளிமீன்கள் கூட்டமாகக் கொறித்துக்கொண்டிருந்தன. கறுக்... கறுக்... அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மீன்களைப் பற்றி ஆராயத்தானே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு இந்தத் தீவுக்கு வந்திருக்கிறாள்! பக்கத்தில் மிதந்த கையைப் பற்றிக்கொண்டு இங்கே பார், அங்கே பார் என்று இழுத்தாள். கையும் இழுத்த இழுப்புக்கெல்லாம் சமர்த்தாக வந்தது.

தலையைத் தூக்கி, மூச்சுவிடக் கவ்வியிருந்த ஸ்நார்கல் குழாயைத் துப்பினாள்.

"எப்படி? பார்த்தியாடி?"

"பார்த்தேன். அந்த 'டி'தான் கொஞ்சம் உதைக்குது."

ஆண் குரல்!

முகமூடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தான். உப்புநீரில் சிவந்த கண்கள்... சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள். குண்டூசி என்று அவள் பட்டப்பெயர் வைத்திருந்த தோழியோ தூரத்தில் படகில் உட்கார்ந்து கையாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ... என் ஃப்ரெண்டுனு நெனச்சுட்டேன். கையை உருவிட்டுப் போயிருக்கலாம்ல?"

"எங்க விட்டீங்க? விரலெல்லாம் மரத்தே போச்சு!"

அவளுக்குக் கோபம் வந்தது. அவன்மீதா, தன்மீதா? அதுதான் தெரியவில்லை.

அன்று மத்தியானம் சிலிண்டர் முதுகில் கட்டி ஆழத்தில் மூழ்கக் கற்றுக்கொள்ளும் முதல் வகுப்பு. கரையோரக் கூடத்தில் ஈர உடைகள் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. உள்ளே நுழைந்த பயிற்சியாளரைப் பார்த்து குண்டூசி அவள் விலாவில் இடித்தாள்.

"உன் கைக்காரர்டி!"

பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது அவளுக்கு.

ஆனால் அவன் காலையில் நடந்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்! தண்ணீரில் கண்டிப்பாக இருந்தான். கரையேறினால் வேறு ஆள்.

"என்ன அழகான மணல் பாருங்க... மாவு மாதிரி."

"கிளிமீன் பவளத்தைத் தின்னுட்டு வெளிய போடுறது இது. பாதி மணல் அதோட கழிவுதான் மாஸ்டர்."

கையில் அள்ளியிருந்ததை அவன் மெல்லக் கீழே விட்டான். "நல்லா இருந்த மனுஷனை இப்படிக் கெடுத்துட்டீங்களே!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ராத்திரி படுக்கையில் அது நினைவுக்கு வந்து மறுபடியும் சிரித்தாள். எதுக்குச் சிரிக்கிறோம்? மீனுக்கா, மனுஷனுக்கா?

அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது.

ஆழத்தில் ஒரு கிளிமீன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தவளுக்கு, திடீரென்று மூச்சு இழுபட மறுத்தது. இன்னொரு முறை இழுத்தாள். வரவில்லை. காற்று அளவுமானியின் முள் அடியில் படுத்திருந்தது. திரும்பினாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவன்! காற்று இல்லை என்று தொண்டைக்குக் குறுக்கே கையை அசைத்துக் காட்டினாள். அவன் கண்களில் ஒரு திகில்... அடுத்த நொடியே தன் உபரிக் குழாயை அவள் வாயில் வைத்துவிட்டான். ஒரே சிலிண்டரில் இரண்டு பேர் மூச்சு. ஒருவர் தோள்பட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணோடு கண் பார்த்தபடி, மெல்ல... மெல்ல... மேலே வந்தார்கள்.

கரையேறியதும் அவன் சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான். மறுநாள் காலை, கூடத்து வாசலில் பயிற்சி நிலையத்து மூத்த அக்கா நின்றிருந்தார்.

"இனிமே நீ என்கூட இறங்கும்மா. அவன் உன்னை எனக்கு மாத்தி விட்டுட்டான்."

"ஏன்க்கா?"

"கேட்டேன். 'நீங்களே பாத்துக்குங்கக்கா'ன்னுட்டுப் போயிட்டான்."

சுருக்கென்றது. முள்ளைப் பார்க்காதது தன் தப்புதான். அதற்காக மூட்டை கட்டி அனுப்புவதா? போகட்டும்! இவர் இல்லாவிட்டால் கடல் வற்றிவிடுமா? அவன் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பியபின், போய்விட்டானா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள்.

அம்மா போனில் கேட்டாள்: "ஏன்டி குரல் ஒரு மாதிரி இருக்கு? சளியா?"

"ஆமாம்மா... சளிதான்."

அக்காவிடமே பயின்று தேறினாள். எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டத்தின் பின்னால் நின்று அவனும் தட்டினான். பிறகு நழுவப் பார்த்தான். மழை பிடித்துக்கொண்டது. படகுத்துறை வரை துரத்திக்கொண்டு ஓடினாள்.

"மாஸ்டர், நில்லுங்க! நான் அவ்வளவு மோசமான மாணவியா?"

"நீங்களா? இல்ல... தப்பு என்னோடது. உங்க காத்து எவ்வளவு இருக்குன்னு அடிக்கடி கேக்க வேண்டியவன் நான். கேக்கல."

"ஏன் கேக்கல?"

மழைத்தண்ணீரை வழித்துவிட்டு நிமிர்ந்தான்.

"நீங்க மீனைப் பார்த்துட்டு இருந்தீங்க. நான்... உங்களையே பார்த்துட்டு இருந்தேன். உங்க காத்து முள்ளைப் பார்க்கணும்னு தோணவே இல்ல. தண்ணிக்கடியில அது உயிர் விஷயம். அதான் ஒதுங்கிட்டேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. சொன்னா என்ன நெனப்பீங்களோன்னு ஓடிட்டே இருந்தேன்."

இவ்வளவுதானா! இதற்கா இத்தனை நாள் உம்மணாமூஞ்சி? திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். வந்ததோ வேறு.

"அன்னைக்குக் காத்து நின்னுச்சுல்ல... எனக்குப் பயமே வரல. மூச்சு வரல, ஆனா பயமும் வரல. ஏன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சு போச்சு. புத்தி பிசகிடுச்சோன்னுகூட நெனச்சேன்."

"இப்ப?"

"இப்பப் புரியுது. திரும்பினா நீங்க இருப்பீங்கன்னு தெரியும்... அதான்."