வேட்டைப் பங்கு

காலையில் மலையைப் பார்த்து நின்ற காட்டுச் செம்மறிகள் மாலையில் பாதையைப் பார்த்து நின்றன. பள்ளிச் சுவரில் அவற்றையும், அவற்றுக்கு மேலே பாறையில் ஒரு பனிச்சிறுத்தையையும் வரைந்தவள் சைராகுல்தான். எந்தத் தலையை எந்தப் பக்கம் திருப்பினோம் என்று அவள் கைக்குத் தெரியாதா? கண் அசந்திருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு தூரிகைகளைக் கழுவினாள்.

ஆற்றுக்கு அக்கரை தாஜிக்குகளின் நாடு. அழிந்துவரும் விலங்குகளைக் காப்பாற்றச் சொல்லி இரு கரை ஊர்களிலும் சுவர்ப்படங்கள். அவற்றை வரைகிறவளின் புருஷன் தோலோத்தோ, அக்கரை மலையில் திருட்டு வேட்டை ஆடுகிறவன். அந்த வெட்கம் அவளுக்கு இருந்தது. அதைவிட, ஒருநாள் திரும்பாமலே போய்விடுவானோ என்ற பயம் அதிகமாக இருந்தது.

நேற்று ஒரு செம்மறியின் பாதியோடு வந்தான். வேட்டையோடு வருகிறவனை வழியில் யார் கண்டாலும் "ஷிரால்கா" என்பார்கள்; சொன்னவருக்குப் பங்கு கொடுத்தே ஆகவேண்டும்.

"யாருக்குக் குடுத்தீங்க?"

"கணவாய்ல ஒரு கெழவன் கை நீட்டினான். மஞ்சக் கண்ணு, பாக்கவே சகிக்கலை. போய்யான்னுட்டு வந்துட்டேன்."

"கேட்டவனுக்கு இல்லைன்னா சொன்னீங்க? புத்தி இருக்கா உங்களுக்கு?"

"நீ சுவத்துல மேய்க்கிறியே, அதுல ஒண்ணை அறுத்துக் குடு, போ."

மலையில் ஒளித்துவைத்த மீதியை எடுத்துவர மதியம் போனவன் இன்னும் வரவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. சாணி எரியும் புகையும் சாய எண்ணெயின் நெடியும் கலந்த காற்றில் ஈர மயிரின் நாற்றம் ஒன்று புதிதாக ஏறி வர, நாய்கள் ஒவ்வொன்றாய்க் குரைப்பை நிறுத்த, பாதை வளைவில் எதையோ சரளைக்கல்லில் இழுத்துவரும் சத்தம், நின்று நின்று, நெருங்கியது.

அப்பாடா, வந்துவிட்டான். அவளுக்கு அழுகையே வந்தது. கேலியாக இரண்டு கைகளையும் இருட்டுக்குள் நீட்டினாள்.

"ஷிரால்கா! எனக்காவது குடுப்பீங்களா?"

சத்தம் நின்றது.

கண் சுவருக்குப் போனது. செம்மறிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. பனிச்சிறுத்தை இருந்த இடத்தில் வெறும் சுண்ணாம்பு.

கையை இழுக்க நினைத்தாள். முடியவில்லை.

நீட்டிய கைகளில் ஏதோ விழுந்தது. கனமாக. சூடாக. அதன் மேல் தோலோத்தோவின் சட்டைக்கை, பொத்தான் போட்டபடியே இருந்தது.

பங்கு வாங்கியவர் கொடுத்தவரை நிமிர்ந்து பார்த்து வாழ்த்த வேண்டும். அவள் தலை குனிந்தே இருந்தது. எதிரே, மூச்சு விட்டபடி, அது வாழ்த்துக்காகக் காத்து நின்றது.