மேற்கே சாய்ந்த தண்ணீர்

தேசிக்காய் மறுபடியும் மேற்குச் சுவரை நோக்கி உருண்டது. நளீரா அதை எடுத்துக் கூடத்தின் நடுவில் வைத்தாள். கையை விட்டதும் உருண்டது. கப்பல் வேலைக்குப் போகுமுன் அவள் கணவன் இத்ரூஸ் தன் கையால் பூசிய சீமெந்துத் தரை அது. மட்டம் பார்த்துப் பார்த்துப் பூசியது.

ஹாலிஎலத் தேயிலை மலைகளில் மழை இறங்கிக்கொண்டிருக்க, ஈர மண்ணும் மண்ணெண்ணெயும் மணந்த அந்தக் கூடத்தில், அவள் தொழுமுன் கைகால் கழுவி வுழுச் செய்ய நிரப்பிவைத்த தகரப் பேசினின் தண்ணீர் மேற்கே விளிம்பைத் தொட்டும் கிழக்கே இரண்டு விரல் தாழ்ந்தும் அசையாமல் நின்றது.

சாமான் கொண்டுவந்த கொழுந்தன் ஹுமைத் அதைக் கவனிக்கவில்லை.

"தந்தி ஒன்டும் வரல்ல, மதினி. சண்டையால சூயெஸ் கால்வாய மூடிட்டாங்க. ஆப்பிரிக்காவச் சுத்தித்தான் போகோணும். நாள் எடுக்கும்."

"அது பழைய கப்பல், தம்பி."

"ஒடைக்க வெச்சிருந்ததுதான். இப்ப கப்பல் பத்தாதாம், திரும்ப ஓட்டுறாங்க. பாரமும் கூடவாம்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்க முயன்றான். "எங்கட நானா இஞ்சின் அறையிலதானே ஈக்கிறார். அவர்ட தொல்லை தாங்காமக் கப்பல் ஓடிப் போய்ச் சேரும்."

அவன் போனபின் பார்த்தாள். கிழக்கே இப்போது மூன்று விரல் தாழ்வு. கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கிய விளக்கும் மேற்கே சாய்ந்து நின்றது.

சாய்வது வீடல்ல, அவன் கப்பல் என்று அவளுக்குப் புரிந்தது.

அரிசி மூட்டையைக் கிழக்குச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். தண்ணீர் சற்று இறங்கியது. டிரங்குப் பெட்டி. அம்மிக்கல். போதவில்லை. மூட்டையின்மேல் ஏறித் தானும் உட்கார்ந்தாள். தண்ணீர் மட்டமானது.

அங்கேயே இருந்தாள். மறுநாளும். இருந்தபடியே தொழுதாள். சாப்பிடவில்லை. கண்ணைப் பேசினிலிருந்து எடுக்கவில்லை.

அந்தி மஃரிப் நேரம் கதவில் தட்டல் கேட்டது.

இரண்டு தட்டு. சற்று நிறுத்தி, ஒன்று.

இத்ரூஸின் தட்டு. இப்படித் தட்டினால்தான் கதவைத் திறக்க வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தான்.

குதித்து ஓடித் திறந்தாள்.

மழை. யாருமில்லை.

பின்னால் பேசின் கவிழ்ந்தது.

திரும்பினாள். விளக்கு சங்கிலியோடு எழுந்து கூரையை நோக்கித் தொங்கியது. சுடர் தரையைப் பார்த்து எரிந்தது. கொடியில் கிடந்த அவன் இடுப்புச் சாரம் மேல்நோக்கித் தொங்கியது.

மறுபடி தட்டல். கதவில் இல்லை.

தரைக்கு அடியில்.

"இஞ்ச ஈக்கிறன்! நான் இஞ்சதான் ஈக்கிறன்!"

விழுந்து கையால் தட்டினாள். பதில் வந்தது. சீமெந்தைப் பிறாண்டினாள். நகம் பிய்ந்தது. ஒரு கீறல் விழவில்லை. அவ்வளவு நன்றாகப் பூசியிருந்தான்.

காதைத் தரையில் வைத்தாள். அடியில் தண்ணீர் நிறையும் சத்தம்.

இரண்டு தட்டு.

தலைகீழ்ச் சுடரின் கீழே, மூன்றாவதற்காக, அவள் காதை எடுக்காமல் கிடந்தாள்.