சிவப்பில் நின்ற கோடு

சிவப்பு!

கம்ப்யூட்டர் திரையில் பாடகியின் மைக் கோடு விருட்டென்று எழும்பியது. உச்சியில் முட்டிச் சிவந்து நின்றது.

ஒலிப்பதிவாளர் அப்புத்துரை எரிச்சலோடு உச்சுக் கொட்டினார். மைக்கை முழுங்காதே என்று எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது! கையை நீட்டி அவள் குரலின் அளவைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டார்.

கோடு அடங்கியது.

அப்புறம் எழும்பவே இல்லை.

அவர் மிருதங்கத்துக்குப் போனார். தைப்பூசத்துக்குள் சிடி வெளிவந்தாக வேண்டும். குரல் மஞ்சளைத் தொட வேண்டும். மிருதங்கம் பச்சையோடு நிற்க வேண்டும். எதுவும் சிவப்புக்குப் போகக் கூடாது. சத்தத்தைக் கோடாகக் காட்டும் அது, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த மீட்டர்தான். ஓசி என்று பார்த்தால், காசு கொடுத்து வாங்கியதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

நூர்ஜான்! பினாங்கு குவீன் ஸ்ட்ரீட்டில் இந்த ஸ்டூடியோவுக்கு நேர் கீழே மசாலாக் கடை நடத்துகிறவள். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அறையை விரலால் காட்டினாள்.

திரும்பினார்.

பாடகி வள்ளிநாயகி தரையில் கிடந்தாள். கழுத்தில் ஹெட்போன் வயர்... கண்கள் திறந்தே இருந்தன.

இன்ஸ்பெக்டர் யூசுப் வந்து சேர்ந்தார். பினாங்கில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். மலாயில் அதட்டுவதைவிடத் தமிழில் அதட்டினால்தான் அவருக்குத் திருப்தி. மற்றவர்கள் மட்டும் அவரை 'ஐயா' என்பதற்கு மலாயில் 'துவான்' என்பார்கள்.

"சொல்லுங்கண்ணே. பின்பக்க இரும்புப் படியில யாராச்சும் ஏறி வந்தாங்களா?"

"பாக்கல, துவான். நான் இந்தப் பக்கம் திரும்பி ஒக்காந்து மிக்ஸ் பண்ணிட்டிருந்தேன்."

"அந்தப் பொண்ணு கத்துனது கீழ கடை வரைக்கும் கேட்டிருக்கு. ஒங்களுக்குக் கேக்கலையா?"

"பாட்டு... பாட்டு ஓடிட்டிருந்துச்சு."

"பாட்டா?" நூர்ஜான் குறுக்கே பாய்ந்தாள். "எந்தப் பாட்டு லா? தினம் என் கடை டின்னெல்லாம் அதிரும். இன்னிக்கு ஒரு சத்தம் இல்ல! அந்தக் கத்தல் மட்டும்தான், துவான்!"

யூசுப் கீபோர்டில் ஒரு தட்டுத் தட்டினார். திரையில் கோடுகள் குதித்தன.

அறையில் ஒரு சத்தமும் இல்லை!

கான்ஸ்டபிள் வேலு ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "துவான்! லைட் எரியுது. ஆனா ஸ்பீக்கர் வயர் ரெண்டையும் யாரோ பிடுங்கி விட்டிருக்காங்க!"

யூசுப் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சத்தமே வராத ஸ்பீக்கர வச்சுக்கிட்டுப் பாட்டு மிக்ஸ் பண்ணீங்களா? என் காதுல பூச்சுத்தாதீங்கண்ணே. கொலைக்கு இந்த நாட்டுல தூக்கு. தெரியும்ல?"

தெரியும். பயம் வர வேண்டும். வரவில்லை. அழுகையும் வரவில்லை. யார் காலையோ யாரோ கிள்ளுவது போல இருந்தது. உண்மையைச் சொன்னால் கழுத்து தப்பும், பிழைப்பு போய்விடும். எந்தக் கோயில் கமிட்டி அதற்குப் பிறகு அவரிடம் பாட்டைக் கொடுக்கும்?

கதவு திறந்தது. ஸ்டூடியோ முதலாளி அம்பிகைபாகன். இரண்டு கைகளும் கால்சட்டைப் பைகளில் இருந்தன. அப்புத்துரையின் முதுகைக் கடந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"துரை அண்ணே... என்ன செஞ்சிட்டீங்க?"

"நீங்க எங்க இருந்தீங்க?" என்றார் யூசுப்.

"மார்க்கெட் ஸ்ட்ரீட்ல, துவான். சேதி கேட்டு ஓடியாந்தேன். என்னால நம்பவே முடியல..."

"அந்தப் பொண்ணு கத்துனது கேக்கலைங்கிறாரு இவரு."

"கேக்கலையா?" அம்பிகைபாகன் வருத்தமாகத் தலையாட்டினார். "அண்ணன் காது தங்கம், துவான். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்துல குண்டூசி விழுந்தா இங்கிருந்து சொல்லுவாரு."

அப்புத்துரை அவருடைய உதடுகளையே பார்த்தார்.

"எனக்குக் காது கேக்காது, துவான்."

"என்னது?"

"ரெண்டும் போயிடுச்சு. தைப்பூசத்துக்குத் தைப்பூசம் ஸ்பீக்கருக்குப் பக்கத்துலயே நின்னதுக்குக் கூலி. ஒங்க வாயப் பாத்துத்தான் பதில் சொல்லிட்டிருக்கேன். மிக்ஸ் பண்றதெல்லாம் இந்த மீட்டரப் பாத்து."

யூசுப் எழுந்து பின்னால் போனார். பித்தளைத் தட்டு ஒன்றை எடுத்துத் தரையில் ஓங்கிப் போட்டார்.

டணார்!

நூர்ஜான் அலறினாள். வேலு துள்ளினான். அப்புத்துரை அசையவில்லை. திரையை மட்டும் விரலால் காட்டினார்.

"இப்ப ஏதோ விழுந்துச்சு. ரூம் கதவு தொறந்திருக்கு. மைக் பிடிச்சிருக்கு."

விரல் மேலே நகர்ந்தது. உச்சியில் ஒற்றைச் சிவப்புக் கோடு.

"எவ்ளோ உசரம் போச்சுன்னு இந்த மீட்டர் பிடிச்சு வச்சுக்கும், துவான். நாம அழிக்கிற வரைக்கும் நிக்கும். இது... அவ கத்துனது. நான் பாத்தேன். மைக்கை ஒட்டிக்கிட்டுப் பாடுறான்னு நெனச்சு... குறைச்சிட்டேன்."

சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. அந்தப் பெண்ணின் கடைசிச் சத்தத்தைத் தன் கையாலேயே குறைத்திருக்கிறார்!

யூசுப் முன்னால் வந்து, அவர் பார்க்கும்படி நின்று பேசினார்.

"காது கேக்கறவனுக்குன்னா ஸ்பீக்கர் வயர் போனது அந்த நிமிஷமே தெரிஞ்சிருக்கும். பிடுங்குனவனுக்கு ஒங்களுக்குக் காது கேக்காதுன்னு முன்னமே தெரிஞ்சிருக்கு. காது விஷயம் யார்ட்ட சொன்னீங்க?"

"யார்ட்டயும் இல்ல. நான் தனிக்கட்டை."

"யோசிங்க!"

"எல்லாரும் பின்னாலருந்து கூப்பிடுவாங்க. திரும்பலன்னா, திமிர் புடிச்ச மனுசன்னு திட்டுவாங்க..."

"நான்கூடத் திட்டிருக்கேன்," என்றாள் நூர்ஜான்.

"அம்பி மட்டும்தான் சுத்திக்கிட்டு முன்னால வந்து நின்னு பேசுவாரு. இந்த மீட்டரப் போட்டுக் குடுத்ததும் அவருதான். இப்பக்கூட முன்னாலதான் வந்தாரு."

"அது மரியாதை, துவான்!" அம்பிகைபாகன் குரல் எகிறியது. "பெரியவங்களுக்குக் குடுக்கிற மரியாதை!"

"மரியாதையா? பெரியவரு முன்னால கைய எதுக்குப் பையில வச்சிருக்கீங்க? எடுங்க!"

எடுக்கவில்லை. வேலு இழுத்தான். இரண்டு உள்ளங்கைகளிலும் குறுக்கே, வயர் அழுந்திய தடம்... செக்கச்செவேல் என்று!

அம்பிகைபாகன் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என் மக பேர்ல வந்த கேசட்டெல்லாம் தன் குரல்தான்னு வள்ளிநாயகி மேடையில சொல்லப்போறாளாம். கெஞ்சினேன். கேக்கல. அடுத்த மாசம் கல்யாணம்... எம் மக மானம் என்னாவுறது?"

"அதுக்கு, வயரப் பிடுங்கி இவரு பொய் சொல்றாருன்னு காட்டி, இவரத் தூக்குல போடப் பாத்தீங்க. வேலு, முன்னால கூட்டம். பின்படி வழியா இறக்கு!"

கண்ணாடி அறையைக் கடக்கும்போது அம்பிகைபாகன் திமிறினார். மைக்குக்குப் பக்கத்தில் நின்று, அப்புத்துரையின் முதுகைப் பார்த்து வாய்க்கு வந்தபடி கத்தினார். செவிட்டுப் பிணமே என்று ஆரம்பித்தது. மற்றதை அச்சில் போட முடியாது.

யூசுப்பே முகம் சுளித்தார். "அண்ணே... அவரு ஒங்களத்தான் திட்டுறாரு."

அப்புத்துரை திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் மைக் கோடு மறுபடி சிவப்பில் போய் முட்டியது.

இந்த முறை அவர் கை தயங்கவில்லை. கோட்டைப் பிடித்து அடிவரை இழுத்துவிட்டார்.

"சுருதியே இல்ல, துவான்... மிக்ஸ்லருந்து எடுத்துட்டேன்!"