கடைசிப் பத்தி யாருடையது?

இலக்கிய உலகம் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது: கவிதைக்கும் அபுனைவுக்குமான உயர்நிலை எழுத்து வகுப்பில், காலை பத்தேகால் மணிக்கு, பேராசிரியர் அலறினார்!

"ஐயோ... என் மூக்கு!"

மூக்கைப் பதம் பார்த்தது ஒரு சிற்றிதழ். வீசியவள் மாணவி. பிழைப்புக்கு ஆஸ்பத்திரி நர்ஸ்.

"நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீங்க. எழுதினேன். 'உயிரே இல்ல'ன்னு விட்டெறிஞ்சீங்க. இப்ப உங்க பேர்ல அச்சாகியிருக்கே... வெட்கமாயில்ல?"

"கத்தாதே! அது என் ரத்தத்தைத் தொட்டு எழுதினது!"

"ரத்தமா? கொசு கடிச்சாலே லீவு போடுற ஆளு நீங்க!"

அப்போது கதவு திறந்தது.

இன்ஸ்பெக்டர்! கையில் அதே இதழ்!

"அக்கா புருஷனை மாடிப்படியில தள்ளிவிட்டேன்னு ஒரு கட்டுரை... யார் எழுதினது?"

நர்ஸ் வாயைத் திறந்தாள்.

"நானேதான்!" பேராசிரியர் முந்திக்கொண்டார். "கையெழுத்து வேணுமா?"

"வேணும். ஸ்டேஷன்ல. செத்தவன் வாட்சைத் தண்ணித் தொட்டியில போட்டதா எழுதியிருக்கீங்க. தேடினோம்... இருந்தது! மூணு வருஷமா எங்களுக்கே தெரியாத விஷயம்."

தள்ளியவள் நர்ஸேதான். அக்காவின் முதுகில் பெல்ட் தடத்தைப் பார்த்த அன்று மூண்ட கோபம் அது. செய்ததுகூடச் சரி... அதை எழுதித் தொலைத்தாளே!

பேராசிரியருக்கு வியர்த்துக் கொட்டியது.

"சா... சார்! இவ எழுதினது! நான் திருடிட்டேன்!"

"அப்படியாம்மா?"

"ஐயாவோட நடை சார் அது. எனக்கு ஊசி போடத்தான் தெரியும்."

வகுப்பே ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. பேராசிரியர்மேல் அவ்வளவு பாசம்!

க்ளிக்! அவர் கையில் விலங்கு.

தப்பித்தாள்!

வாசல்வரை போன இன்ஸ்பெக்டர் நின்றார்.

"பிரமாதமான கட்டுரை சார். கடைசிப் பத்திதான்... நிலா, கண்ணீர், காலம்னு ஒரே வழவழா கொழகொழா. எழுதத் தெரியாத ஆளு எழுதின மாதிரி."

நர்ஸின் காது சிவந்தது. பல்லைக் கடித்தாள். முடியவில்லை!

"அது இந்தாளு ஒட்டவெச்ச வாலு! நான் 'கதவைச் சாத்தினேன்'னு முடிச்சிருந்தேன்!"

இன்ஸ்பெக்டர் விலங்கைக் கழற்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

"இதுக்குத்தான்மா காத்திருந்தேன்."

அந்த இதழ் மொத்தம் முப்பத்தொரு பிரதி விற்றது, இன்ஸ்பெக்டர் வாங்கியதையும் சேர்த்து.