இரவல் போன குரல்

படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே டப்பிங்காரிக்கு ஏதோ இடறியது. திரையில் நாயகி ஒப்பனையைக் கலைத்துவிட்டு, நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, தொடரின் கடைசி சீசனைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டிருந்தாள். பேசியது டப்பிங்காரியின் குரலில்.

வசனம் என்றால் சரி. ஒன்பது வருடமாக நாயகி வாயசைக்க, இருட்டு அறையில் மைக்குக்கு முன்னால் நின்று அந்த உதட்டுக்குக் குரல் கொடுத்தவள் இவள்தான். ஆனால் இது பேட்டி. தொடர் எப்படி எடுக்கப்பட்டது என்று காட்டும் ஆவணப்படம். பேட்டிக்குக் குரல் கொடுக்க இவளை யாரும் கூப்பிடவே இல்லை.

இந்த நாளுக்காகத்தான் இவள் காத்துக் கிடந்தாள். நாயகியின் சொந்தக் குரல், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது மாதிரி இருக்கும். அது தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். ஊரோ நாயகியைக் 'குரலழகி' என்று தலையில் தூக்கி வைத்து ஆடியது. விருது மேடையில் ஒரு வார்த்தை பேசாமல் கும்பிட்டுவிட்டு இறங்கினால் அதற்கும் 'என்ன அடக்கம்!' என்று கைதட்டல். இவளுக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், பற்றிக்கொண்டு எரிந்தது. ஆவணப்படம் வரட்டும், பேட்டியில் சொந்தக் குரல் கேட்டுச் சாயம் வெளுக்கட்டும் என்று மத்தியானமே வேலையை முடித்துவிட்டு, மழை மூட்டத்தில் விளக்குகூடப் போடாமல் டீவி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

கைப்பேசியை எடுத்தாள். படம் பார்த்தவர்களின் கருத்துகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. அந்தக் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டேன் என்று ஒருத்தி. மேக்கப்பைக் கலைத்தாலும் குரல் கலையவில்லை என்று ஒருவன். யாரோ டப்பிங் பேசுவதாகக் கதை கட்டினார்களே, இப்போது முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள் என்று இன்னொருவன். அவனுக்குத்தான் லைக் கொட்டியது. அவனை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒவ்வொரு தடவையும் புதிதாக வலித்தது.

கம்ப்யூட்டரில் என்னமோ பண்ணித் தன் குரலைத் திருடிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, ஆவணப்படத்தின் ஒலிப்பதிவாளரைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி கேட்டாள். அவன் கோபப்படவில்லை. படப்பிடிப்பில் பதிவான சத்தத்தை அப்படியே போட்டதாகவும், அதில் யாரும் கை வைக்கவில்லை என்றும் சொன்னான். பிறகு தயங்கினான்.

"நானே உங்களக் கூப்பிடணும்னு இருந்தேங்க்கா. எடுத்தப்ப அவங்க குரல்தான் இருந்துச்சு. என் காதால கேட்டேன். நேத்துப் போட்டுப் பார்த்தா உங்க குரல் இருக்கு." கொஞ்சம் இரைச்சல். "அக்கா? லைன்ல இருக்கீங்களா? உங்க பக்கம் சத்தமே வரலையே."

அவள் கத்திக்கொண்டுதான் இருந்தாள்.

போன் கட்டானது. தொண்டை கட்டிக்கொண்டிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஜன்னல் கம்பியில் மழை சொட்டும் ஓசையும், ஃபிரிட்ஜின் உறுமலும், உள்ளறையில் கணவர் ஈரத்துணியை உதறி உதறிக் கொடியில் போடும் சத்தமும், காயாத துணியின் அந்தப் புளித்த வாடையும் சேர்ந்து வீடு என்றைக்கும்போலத்தான் இருந்தது. கூடத்து மூலையில் மட்டும் டீவியின் நீல வெளிச்சம் சுவரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

திரையில் இப்போது டப்பிங் அறை. தொடரின் டப்பிங்குக்குக் கடைசி நாள். நாயகியே சொந்தக் குரலில் பேசுவதுபோல் காட்ட அவளை மைக் முன்னால் நிறுத்திவிட்டு, இவளை ஆவணப்படக் கேமராவில் படாமல் ஓரத்து ஸ்டூலில் வேறொரு மைக்கோடு உட்கார வைத்திருந்தார்கள். பதிவுக்கு முன்னால், ஒலி அளவு பார்க்க எதையாவது பேசச் சொல்வது வழக்கம். எல்லோரும் ஒன்று, இரண்டு, மூன்று என்பார்கள். அன்றைக்கு இவள் இருந்த எரிச்சலில் எண்ணவில்லை, மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டாள்.

அந்த வார்த்தைகள் இப்போது டீவியில் வந்தன. நாயகியின் வாயிலிருந்து.

"பேர எடுத்துக்கிட்ட. விருத எடுத்துக்கிட்ட. இந்தக் குரல் மட்டும் எனக்கெதுக்கு? இதையும் நீயே வச்சுக்க."

அன்றைக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். நாயகி மட்டும் சிரிக்காமல், சரி என்று தலையாட்டினாள். திரையிலும் தலையாட்டினாள். ஆட்டிவிட்டுத் திரும்பினாள்.

திரைக்குள்ளிருந்து இவளைப் பார்த்தாள்.

டப்பிங்காரி எழுந்தாள். கணவரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்று வந்தது. அடிவயிற்றிலிருந்து இழுத்துக் கூப்பிட்டாள். வெறும் காற்று. என் குரல். என்னுடையது. எவளுக்கும் தர மாட்டேன்.

"என்னங்க, கொஞ்சம் வாங்களேன்."

அவள் குரல்தான். அதே கொஞ்சல். டீவியிலிருந்து வந்தது.

"வரேன், வரேன்," என்றார் கணவர்.

கையைத் துடைத்தபடி வந்தார். டீவியைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்தார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"என்னம்மா? ஏன் அழுவுற?"

அவர் கையைப் பிடித்து இழுத்துத் திரையைக் காட்ட நினைத்தாள். கை எழவில்லை. உதடு அசைந்தது. அவள் அசைக்கவில்லை. திரையில் நாயகியின் உதடு அசைந்த அதே நொடியில், அதே அளவுக்கு, தானாக.

"ஒண்ணுமில்லீங்க. படம் பார்த்தேன், கண்ணு கலங்கிடுச்சு."

கச்சிதம். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

அவர் சிரித்தார். இந்த வயதில் டீவி பார்த்து அழுகிறாளே என்று கேலி பேசிவிட்டு, ரிமோட்டை எடுத்தார்.

"அணைச்சிடட்டா?"

அணைங்க என்று உள்ளுக்குள் கதறினாள். வாய் திறந்தது.

"வேணாங்க. இனிமே அது ஓடிக்கிட்டே இருக்கட்டும்."

அவர் ரிமோட்டை வைத்துவிட்டு உள்ளே போனார். நாயகி நாற்காலியில் சாய்ந்து விட்ட இடத்திலிருந்து பேட்டியைத் தொடர்ந்தாள். கூடத்தில் தனியாக நின்றவளின் வாய், மூட மூட மூடாமல், நாயகி பேசியதற்கெல்லாம் அசைந்துகொண்டே இருந்தது.