உரியாத பூச்சு

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் காய்ந்து கிடந்த குளியல் தொட்டியின் அடியில், காலையில் யுவராணி வந்து பார்த்தபோது உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருந்தது. குழாயைத் தொட்டுப் பார்த்தாள். நேற்று அதன் வாயில் அவளே கட்டிய பிளாஸ்டிக் பை முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது.

“ராத்திரி தொட்டில தண்ணி விட்டீங்களாக்கா?”

“நான் ஒருத்திதான இருக்கேன். அந்த ரூமுக்கே நான் போறதில்ல,” என்றாள் பானுமதி. பாலக்கோட்டைத் தாண்டி, தக்காளித் தோட்டத்துக்கு நடுவே நிற்கும் அந்த வீட்டின் சொந்தக்காரி. “வூட்டுக்காரரு படுத்த படுக்கையா கெடந்தப்ப, அவரைக் குளிக்க வெக்க வாங்கினது. அவரு போயி மூணு வருஷம் ஆச்சு. நீ கெட்டியா பூசிட்டுப் போ, போதும்.”

பழைய தொட்டிகளைத் தேய்த்துப் புதுப் பூச்சு ஏற்றுவது யுவராணியின் தொழில். ஓசூரில் நாலு வருடம் கற்றுக்கொண்டு, தனியாக எடுத்திருக்கும் முதல் வேலை இது. இதே தொட்டியில் பாலக்கோட்டு மாதேஷ் இரண்டு முறை பூசி, இரண்டு முறையும் உரிந்துவிட்டது. “எனக்கே நிக்கல, இந்தப் பொண்ணுக்கு நிக்குமா?” என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் சிரித்தான். இதுவும் உரிந்தால் அவன் சொன்னதே ஊர்ப்பேச்சாகிவிடும். அப்புறம் இந்தப் பக்கம் யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். சிரிக்கட்டும். அவள் கை பட்டது உரியாது.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க மாதேஷின் பூச்சு செதில் செதிலாக வந்தது. அதற்கு அடியில், தொட்டியின் இரண்டு பக்கச் சுவரிலும் கீறல்கள். நாலு நாலாக, மேலிருந்து கீழே இறங்கியவை. ஏதோ வாளி உரசியிருக்கும் என்று பட்டி வைத்து அடைத்தாள். வாளி இப்படியா உரசும் என்று கேட்ட மனசை, சும்மா இரு என்று அதட்டினாள்.

தண்ணீர் நிரம்பினால் வெளியேற விளிம்புக்குக் கீழே ஓர் ஓட்டை உண்டு. அதன் அருகே குனிந்தபோது வெதுவெதுப்பான காற்று கன்னத்தில் பட்டது. சோப்பும் தைலமும் கலந்த வாடை. நின்றது, மறுபடி வந்தது. இங்கேதான் மாதேஷ் கோட்டை விட்டிருக்கிறான், ஈரக்காற்று வந்தால் பூச்சு எப்படி ஒட்டும் என்று அவளுக்குச் சிரிப்பே வந்தது. அந்த ஓட்டையையும் அடியில் இருந்த ஓட்டையையும் துணி திணித்து, பட்டி பூசி இறுக அடைத்தாள்.

தூசி வராமல் சன்னலைச் சாத்தி, முகமூடியை மாட்டிக்கொண்டு, தின்னர் நெடி கண்ணைக் கரிக்க, வெளியே தக்காளி ஏற்றிய டிராக்டர்கள் கடகடவென்று சந்தைக்குப் போகிற சத்தத்துக்கு நடுவே, ஸ்பிரே துப்பாக்கியால் ஒரே சீராக மூன்று கோட் அடித்தாள். துப்பாக்கியை நிறுத்திய பிறகும் முகமூடிக்குள் மூச்சுச் சத்தம் புஸ்புஸ்ஸென்று கேட்டது. மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

பயந்துதான் போனாள். ஆனாலும் நாலாவது கோட்டும் அடித்தாள்.

சாயங்காலம் பூச்சு கையில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்திருந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு புள்ளி குறையில்லாமல். போட்டோ எடுத்து மாதேஷுக்கு அனுப்ப போனைத் தூக்கினாள்.

அடியில் ஒரு கொப்புளம் எழும்பியது.

பக்கத்தில் இன்னொன்று. ஐந்து. விரல்கள்.

கல்லாய் இறுகியிருக்க வேண்டிய பூச்சு ரப்பராக இழுபட்டது. மூக்கு எழும்பியது. நெற்றி. அடைத்த ஓட்டைகளுக்குள் டொக் டொக்கென்று முட்டல்.

ஓடச் சொன்னது உடம்பு. யுவராணி ஓடவில்லை.

“நீ யாரா வேணா இரு,” என்றாள். “என் வேலைய உரிக்க வுட மாட்டேன்.”

மண்டியிட்டாள். இரண்டு உள்ளங்கையையும் அந்த முகத்தின் மேல் வைத்தாள். அழுத்தினாள். அது திமிறியது. இன்னும் அழுத்தினாள்.

கதவு திறந்தது. பானுமதி வந்து தொட்டியின் மறுபக்கம் மண்டியிட்டாள். அவள் முகத்தில் திகைப்பே இல்லை. கண்ணால் தேடாமலே, சரியான இடத்தில் கைகளை வைத்தாள்.

“தோள விட்டுட்ட பாரு,” என்றாள். “அன்னிக்கி நான் தனியா அவரப் புடிச்சப்பதான் ரொம்ப நேரமாச்சு.”

யுவராணி கையை எடுக்கப் பார்த்தாள். பானுமதியின் ஒரு கை நகர்ந்து வந்து அவள் கைமேல் அழுந்தியது.

விரல்களுக்கு நடுவே வாய் அகலத் திறந்தது. வெள்ளைப் பூச்சு அதற்குள் இழுபட்டுப் போனது, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போனது. எங்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.