சிங்காரி தின்ற பிடியரிசி

ஊரே அரிசி டப்பாவோடு நடந்தது. நீது மட்டும் கோழியோடு நடந்தாள். வெட்கத்தில் அவளுக்குத் தலை நிமிரவே இல்லை.

காரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் ஊர் ஆலயத்தின் மணிக்கோபுரத்துக்கு அன்று நூறு வயது. அந்தக் காலத்துப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, அதை விற்றுக் கட்டிய கோபுரம் அது. அதனால் நூறாம் ஆண்டு நடைபயணத்துக்கும் வீட்டுக்கு ஒரு டப்பா பிடியரிசி கொண்டுவர வேண்டும். அதில் ஊருக்கே கஞ்சி.

நீதுவின் வீட்டில் தினமும் பிடியரிசி போடுவது அவள் பொறுப்பு. அவளோ அதை, அடுக்களை வாசலில் வந்து நிற்கும் சிங்காரிக்குப் போட்டுவிடுவாள். சிங்காரி அவள் வளர்த்த செங்கோழி. நாளைக்குச் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று தினமும் நினைத்ததோடு சரி.

அம்மா புஷ்பபாய் காலையிலேயே கஞ்சிக்கு அடுப்பு மூட்டப் போய்விட்டாள். டப்பாவை நீதுதான் கொண்டுவர வேண்டும். திறந்து பார்த்தால், அடியில் கொஞ்சம் அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுப் பானையில் இருந்ததோ இரவுச் சோற்றுக்கு மட்டும்தான்.

போகாமல் இருந்துவிடலாமா? ஆனால் வீடு வீடாகப் போய்ப் பிடியரிசி எடுத்து வைக்கச் சொன்னவளே அம்மாதான். அம்மாவை எல்லோரும் என்ன நினைப்பார்கள்?

ஆலயத்தில் காணிக்கைக் கோழியை ஏலம் விடுவது வழக்கம். நீது அழுதுகொண்டே சிங்காரியைத் தூக்கிக்கொண்டாள்.

வழியெல்லாம் கேலி. கோழிக்கும் நூறு வயதா என்று தோழி ரெஜிலா கேட்டாள். சிங்காரி வேறு, மேளத்துக்குப் போட்டியாகக் கொக்கரித்தது.

கோபுரத்தடியில் ஒவ்வொருவராக அரிசியைக் கொட்டினார்கள். நீதுவின் முறை வந்தது. டப்பா எங்கே என்பதுபோல் அம்மா பார்த்தாள்.

"எங்க வீட்டு அரிசி எல்லாம் இதுக்க வயித்துல உண்டு. நான்தான் போட்டேன். அம்மைக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் நீது.

யாரோ சிரித்தார்கள். அம்மாவின் முகம் சிவந்துபோனது. ஆனாலும் அருகில் வந்து மகளின் கண்ணைத் துடைத்தாள்.

"மிச்சத்த வீட்டுல போய்ப் பேசுவோம் மக்கா. இப்ப கோழிய ஏலத்துக்குக் குடு."

பக்கத்து வீட்டு ஜெயதாஸ் மாமா சிங்காரியை ஏலம் எடுத்தார். நீது பயந்துபோய் அவரைப் பார்த்தாள்.

"கறிக்கில்ல மக்கா, முட்டைக்காக்கும்" என்றார் அவர்.

மறுநாள் அம்மா உலை வைத்தாள். கோயிலுக்குப் பாக்கி வைத்த பிடியரிசிக்காக நீது ஒரு பிடி அரிசியை அள்ளினாள். வேலியைத் தாண்டி வந்து வாசலில் நின்றது சிங்காரி.

"உனக்கு மாமா வீட்டுல தவிடு உண்டு, போ" என்று சொல்லி, அரிசியை டப்பாவில் போட்டு மூடியை இறுக்கி மூடினாள் நீது.